நான் நிரப்பிய வரி

கண்ணு,

இது உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை மதியம் ஆகியிருக்கும். கூரியர் கடைக்காரர் அப்படித்தான் சொல்கிறார். ரேடியாலஜிப் படிப்பை விட்டு விலகும் கடிதத்தை நீ துறைத் தலைவரிடம் கொடுக்கப்போவது திங்கட்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. அந்த ஒரு நாளை நம்பித்தான் எழுதுகிறேன். ஃபோனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். புதன்கிழமை ஃபோனில் நான் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார். நீ அழுதபடி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல சாமி, எல்லாஞ் சரியாப் போயிரும், மொதல்ல போயி சாப்பிடு" என்றேன். நீ பட்டென்று வைத்துவிட்டாய். வைத்தது சரிதான். சென்னையில் உன் விடுதி அறையில் என்ன நடக்கிறது என்று இங்கே கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? பார்க்காத ஒன்றை எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன். இது எனக்குப் பழைய பழக்கம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள். போன ஞாயிறு மதிய டூட்டியில் நீ தனியாக இருந்தாய். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒரு டீச்சரின் வயிற்று ஸ்கேன் வந்தது. மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிவதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்து, நீயே எழுந்து ஓடிப்போய் அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் சொன்னாய். அவர் உன்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். மறுநாள் காலையில், டூட்டியில் வந்த ஸ்கேன்களை மூத்த டாக்டர்கள் திரும்பப் பார்க்கும் நேரத்தில், அதே படங்களில் முதுகெலும்பின் ஓர் எலும்பு நொறுங்கியிருப்பதை உன் பேராசிரியர் காட்டினார். அந்த டீச்சரைக் கட்டிலில் எழுப்பி உட்கார வைக்கப் பிசியோதெரபிஸ்ட் வார்டுக்குக் கிளம்பியிருந்தார். ஃபோன் போட்டுத் தடுத்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் நீ, "என் கண்ணு சரியில்லம்மா. இந்தக் கண்ண வெச்சுட்டு நான் இந்த வேலை செய்யக்கூடாது" என்றாய்.

அப்போது நான் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? உன் ரிப்போர்ட்டில் எலும்பைப் பற்றி என்ன இருந்தது என்று. "எலும்புகள் நார்மல்னு இருந்துச்சும்மா" என்றாய். 'எழுதியிருந்தேன்' என்று சொல்லவில்லை, 'இருந்துச்சு' என்றாய். நான் ஃபோனைக் காது மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகும் சரியாகப் போயிரும் என்றுதான் சொன்னேன் பார்.

நான் ஈரோட்டில் பள்ளிக்கூடம் படித்தபோது, தமிழோ அறிவியலோ, கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன். அதில் எனக்கு ஒரு மார்க்கூடக் குறைந்ததில்லை. விடை தெரியாவிட்டாலும் ஒரு கோட்டைக்கூடக் காலியாக விட்டதில்லை. காலியான கோட்டைப் பார்த்தால் பாதி சாத்திய கதவைப் பார்ப்பதுபோல எனக்கு ஒரு பதைப்பு வரும். அந்தப் பதைப்போடுதான் ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் ரிப்போர்ட் டைப் செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை எப்படி நடந்தது என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். அப்போது ஸ்கேன் படங்கள் பெரிய பெரிய ஃபிலிம் தாள்களாக வரும். டாக்டர் அவற்றை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துக்கொண்டே வாயால் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து நான் அடிப்பேன். கெட்டுப்போயிருப்பதை மட்டும்தான் சொல்வார். நன்றாக இருக்கும் உறுப்புகளைச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கல்லீரல் நார்மல், பித்தப்பை நார்மல், கணையம் நார்மல் என்று ஒரு மாதிரி ரிப்போர்ட் கணினியில் முன்னமே தயாராக இருக்கும். அதில் டாக்டர் சொன்ன வரியை மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே விடுவதுதான் என் வேலை. டாக்டர் வாய் திறக்காத வரிகளெல்லாம் அந்த மாதிரியும் நானும் நிரப்பியவை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் கற்றிருந்தேன். டாக்டருக்கே எழுத்துப் பிழை திருத்துவேன்.

ஒருநாள் அன்னூரிலிருந்து ஓர் அம்மா கையில் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார். காத்திருக்கும் இடம் நிறைய ஆள். நேராக என் மேஜைக்கு வந்து, "ஏனுங்க அம்மணி, போன தை மாசந்தானுங்க எனக்குப் பித்தப்பைய எடுத்துப்போட்டாங்க. இதுல நார்மல்னு போட்டிருக்குதுங்களே. மறுக்கா மொளைச்சிருச்சுங்களா?" என்றார். பின்னால் நின்ற அவர் வீட்டுக்காரர், "நல்லா உரம் வெச்சிருப்பாங்க போல" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை. "இது சிரிப்போட போச்சும்மா. இன்னொருக்கா இப்படி ஒண்ணு வந்துச்சுன்னா, நீங்க வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்" என்றார். அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. இதற்குப் பின்னால் நான் செய்ததற்கு அது காரணம். நியாயம் இல்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஃபோனில் உன் செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கூரியர் கடையை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். இப்போது மூன்றரை. உன் அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனு, பரிச்சைக்கு எழுதறாப்பல எழுதிட்டிருக்கறே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதிர் டாக்டரை உனக்கு நினைவிருக்கும். நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது பள்ளி விட்டு என் மேஜைக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்வாய். வீணான ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் அவர் உனக்குச் சிறுநீரகம் வரைந்து கொடுத்தார். நீ அதற்கு அவரைக்கொட்டை என்று பேர் வைத்துப் பச்சை வண்ணம் அடித்தாய். உன்னைப்போல அப்போது அவர் ரேடியாலஜி படித்துக்கொண்டிருந்த இளைஞர். இரண்டாவது வருடம். பழைய உடற்கூறு புத்தகம் ஒன்றை எனக்குக் கொடுத்து, "அக்கா, நீங்க எங்களவிட நல்லாப் படிக்கறீங்க" என்பார். அந்தப் புத்தகம் இன்னும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. உள்ளே அவர் பேர் இருக்கும் பக்கத்தை நான் திறப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வேலை செய்யும் ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் ஏறிப்போயிருந்தது. நம்மூர்க்காரர் என்று இரண்டு வார்த்தை பேசினேன். அவருக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். ஸ்கேன் எடுத்து ஐந்து ஃபிலிம் தாள்கள் வந்தன. முதல் தாளில் நுரையீரலின் அடிப்பகுதி, அதற்குக் கீழே கல்லீரல் என்று வரிசையாக இறங்கும். கதிர் டாக்டர் நடுவிலிருந்த தாள்களை மாட்டினார். சிறுநீர்க் குழாயில் கல் பளிச்சென்று தெரிந்தது. "வலிக்குக் காரணம் சிக்கிருச்சுங்க அக்கா" என்று சந்தோஷமாகச் சொல்லி, அளவைச் சொன்னார், அடைப்பைச் சொன்னார். சொல்லி முடித்து, "அடுத்தது யாருங்க?" என்றார். முதல் தாள் உறைக்குள்ளேயே இருந்தது. உறை என் மேஜை ஓரத்தில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததுகூட எனக்குத் தெரியும். 'நுரையீரல் அடிப்பகுதி நார்மல்' என்ற வரி மாதிரியில் தயாராக இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பெரிய டாக்டர் கல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மண்டிக்காரர் ரயிலைப் பிடித்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து அதே மனிதர் இருமலோடு வந்தார். இந்தத் தடவை நெஞ்சு ஸ்கேன். நுரையீரலில் கட்டி. பார்த்ததும் பெரிய டாக்டர் பழைய உறையை எடுத்துவரச் சொன்னார். முதல் தாளை மாட்டினார். துவரம்பருப்பு அளவு ஒரு புள்ளி, அன்றைக்கே அங்கே இருந்தது. அறையில் நாங்கள் மூன்று பேர்தான். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டி, "அடிப்பகுதி நார்மல்னு சொல்லியிருக்கறயேப்பா, எப்படிச் சொன்னே?" என்றார். கதிர் டாக்டர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் அப்படிச் சொன்னேனுங்களா?" என்றார். என்னைக் குற்றம் சொல்வதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. எனக்கு அன்னூர் அம்மாவும், பெரிய டாக்டர் சிரிக்காமல் சொன்ன வார்த்தையும் நினைவுக்கு வந்தன. நான், "சொன்னீங்க டாக்டர்" என்றேன்.

இரண்டு வார்த்தை கண்ணு. அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு படத்தை நாலு தடவை, ஐந்து தடவை பார்ப்பார். சொல்லி முடித்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி அடித்துத் திருத்துவார். எங்கே பார்த்தாலும் புள்ளி தெரிகிறது என்பார். ஒன்றும் இல்லாதவர்களை இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்புவார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போய் மறுபடியும் படத்தைப் பார்ப்பார். கடைசிப் பரீட்சைக்கு முன்னாலேயே விலகிவிட்டார். போகிற அன்றைக்கு என்னிடம், "பாத்தேன், தெரியலீங்க அக்கா. பாத்தும் தெரியாத கண்ண வெச்சுட்டு என்ன பண்றது?" என்றார். நீங்கள் பார்க்கவே இல்லை டாக்டர், தாள் உறைக்குள் இருந்தது என்று நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். "உடம்பப் பாத்துக்குங்க" என்றேன். மஞ்சள் மண்டிக்காரர் அதற்கு அடுத்த தை மாதம் இறந்துபோனார். பழைய படங்களை வாங்கிப்போக அவர் மனைவி வந்தார். உறைகளை அடுக்கிக் கொடுத்தது நான்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

புதன்கிழமை நீ சொன்ன வாக்கியமும் கதிர் டாக்டர் சொன்ன வாக்கியமும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நேற்றுக் காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காரமடைக்குப் பஸ் ஏறினேன். அவர் அங்கே ரங்கநாதர் கோயில் தேர் வீதிக்குப் பக்கத்தில் காய்ச்சல், சளிக்குப் பார்க்கும் சின்ன கிளினிக் வைத்திருக்கிறார். இதைப் பல வருடமாக எனக்குத் தெரியும். போனதில்லை. டோக்கன் வாங்கி, இருமும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தலை பாதி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ரிப்போர்ட் அக்காதானுங்களே? வாங்க வாங்க. அவரைக்கொட்ட என்ன பண்றா?" என்றார். ரேடியாலஜி படிக்கிறாள் என்றேன். "நல்லாப் படிக்கட்டுமுங்க" என்றார்.

நான் சொன்னேன். வரும் வழியெல்லாம் அலங்காரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வரவில்லை. முதல் தாள் உறைக்குள் இருந்தது, நீங்கள் அந்த வரியைச் சொல்லவில்லை, அது மாதிரியில் இருந்தது, நான் பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"நிச்சயமாத் தெரியுமுங்களா? நான் அத மாட்டவே இல்லீங்களா?"

"இல்லீங்க டாக்டர். எம்பக்கத்துலதான் இருந்துச்சு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"என் வேலை போயிருக்குமுங்க."

"எனக்குப் போச்சுங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. அவராகவே, "பதினேழு வருசமா என் கண்ணத் திட்டிட்டிருக்கேனுங்க அக்கா. பசங்க படிக்கற தாள்ல புள்ளியப் பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவேன். பாக்காம விட்டது என் தப்புத்தானுங்க. ஆனா அது வேற தப்பு" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "இப்ப எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டார். நான் உன் விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்து, "அப்ப எனக்காக வரலீங்க. உங்க பொண்ணுக்காக வந்திருக்கறீங்க" என்றார். ஆமாங்க என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "போய்ட்டு வாங்க அக்கா. வெளிய ஆளுக உக்காந்திருக்காங்க" என்று மணியை அடித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க அந்த மணிச் சத்தம் காதில் இருந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. டாக்டர் பேசினால் கணினியே எழுதிக்கொள்கிறது. நான் பிழை மட்டும் பார்க்கிறேன். ஆனால் மாதிரி ரிப்போர்ட் போகவில்லை. அது இன்னும் எல்லா உறுப்புக்கும் நார்மல் என்று சொல்லிக்கொண்டுதான் திறக்கிறது. உன் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போய் அந்த டீச்சரின் ஸ்கேனைத் திற. முதுகெலும்பைப் பக்கவாட்டில் காட்டும் படங்கள் தனித் தொகுதியாக இருக்கும் என்று நீதான் ஒருமுறை லீவுக்கு வந்தபோது எனக்குக் காட்டினாய். அன்றைக்கு அந்தத் தொகுதியைத் திறந்தாயா? திறந்து, அந்த எலும்பைப் பார்த்து, உடைந்தது தெரியாமல் விட்டாயா? அல்லது மண்ணீரலைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடிப்போய், பாராட்டு வாங்கித் திரும்பி வந்து, மிச்சத்தைத் திறக்காமலே, அங்கே தயாராக இருந்த வரிக்குக் கீழே உன் பேரைப் போட்டாயா?

இரண்டும் தப்புதான். இரண்டாலும் அந்த டீச்சர் காலை ஊன்ற முடியாமல் போயிருக்கலாம். உன்னைத் தேற்றுவதற்காக ஒன்றைச் சின்னதாகக் காட்ட மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே தப்பு இல்லை. பார்த்தும் தெரியவில்லை என்றால், உடைந்த முதுகெலும்பும் உடையாத முதுகெலும்புமாக நூறு படங்களை எடுத்துக் கொடுங்கள் என்று உன் பேராசிரியரைப் போய்க் கேள். பார்க்கவே இல்லை என்றால், நீ குற்றம் சொல்ல வேண்டியது கண்ணை அல்ல. ஒன்று கிடைத்ததும் எழுந்து ஓடிய காலை. எது என்று தெரியாமல் விலகினால், கதிர் டாக்டர் மாதிரி, செய்யாத தப்புக்குத் தண்டனை அனுபவித்துக்கொண்டு, செய்த தப்பை அப்படியே விட்டுவிட்டு வருவாய். அவருக்காவது பொய் சொல்ல நான் இருந்தேன். உன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து டைப் அடிக்கவில்லை. அந்தத் தொகுதியைத் திறந்தாயா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

தெரிந்துகொண்ட பிறகும் இந்தப் படிப்பு வேண்டாம் என்று தோன்றினால், கடிதத்தைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறு. நானும் அப்பாவும் ஜங்ஷனுக்கு வந்து நிற்கிறோம். ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன். வேறு யாரையும் கேட்க விடவும் மாட்டேன்.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. மழை வருகிற மாதிரி இருட்டுகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பேன். பேனா அந்தப் பக்கமாகத்தான் இழுக்கிறது. ஆனால் உன் திரையில் அன்றைக்கு என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அதனால் கீழே ஒரு கோடு போட்டு, ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். என் வாழ்க்கையில் நான் காலியாக விடும் முதல் கோடு இது. ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்துவிட்டு நிரப்பு.

____________________

அம்மா